வருஷம் முழுக்க ஆடி மாதமா?

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். தாலி ஒரு நாட்டில், கட்டியவர் இன்னொரு நாட்டில். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் கெஞ்சியிருப்பதால் ஊர்ப் பெயர் மட்டும். ஊரை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர்கள் தோட்டத்தில் உண்டு. அவர்கள் தயவுசெய்து ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடவும்.

செகிஞ்சான்
கேள்வி: ஐயா, தஞ்சாவூர்ப் பெண்ணைக் கட்டினேன். இரண்டு போகம் அறுத்தாச்சு, மூன்றாவது போகத்துக்கு வயலில் தண்ணீர் விட்டாச்சு. அவள் இன்னும் வந்தபாடில்லை. இதற்குப் பெயர் கல்யாணமா?

பதில்: கல்யாணம்தான், சந்தேகமே வேண்டாம். ஆடி ஒரு மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினாலே நம் மாப்பிள்ளைகள் சோறு இறங்காமல் திரிவார்கள். உங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் ஆடி, அதுவும் ஆடிச்சீர் இல்லாத ஆடி.

ஆனால் தம்பி, நாலு பக்கக் கடிதத்தில் விண்ணப்பத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி இல்லையே! 'பெர்மிட் வரட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று உட்கார்ந்திருக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். குடிமக்களின் மனைவிக்கும் கணவருக்கும் தரப்படுவது நீண்டகாலச் சமூக வருகை அனுமதி, அதாவது பாஸ். அது தானாகப் பறந்து வராது. மனைவி முறையாக மலேசியாவுக்குள் வந்து, இருவரும் ஜோடியாக இமிகிரேசன் முகப்பில் நின்று கேட்க வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் நுழையும் சலுகை இருக்கிறது. 2026 கடைசி வரை அதை நீட்டியிருக்கிறார்கள். இணையத்தில் மின்னியல் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் காசில்லை. ஆக, கதவு திறந்திருக்கிறது. பத்திரங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து விமானம் ஏறச் சொல்லுங்கள். நாலாவது போகத்துக்குள் பதில் கிடைத்தாலும் கிடைக்கும்.

தஞ்சோங் காராங்
கேள்வி: கோயிலில் ஐயர் வைத்து, நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டுத் தாலி கட்டியிருக்கிறேன். அதற்கு மேல் பதிவு எதற்கு என்கிறார் அப்பா. உங்கள் கருத்து?

பதில்: சாப்பிட்ட நானூறு பேரில் ஒருவர்கூட ஷா ஆலாம் இமிகிரேசனுக்கு வந்து 'ஆமாம் சார், பாயசம் நன்றாக இருந்தது' என்று உங்களுக்காகச் சாட்சி சொல்லப் போவதில்லை. முகப்பில் இருப்பவர் கேட்பது ஒரே ஒரு தாள்.

முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 164) 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் கட்டியவர்களுக்கு வழக்கமே போதுமானதாக இருந்தது. உங்கள் அப்பா அந்தக் காலத்து நினைப்பில் பேசுகிறார், பாவம். அதற்குப் பின் கட்டியவர்கள் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும், அல்லது துணைப்பதிவாளர் அதிகாரம் பெற்றவர் இருக்கும் கோயிலில் கட்ட வேண்டும். எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரம் கிடையாது. மண்டபம் பிடிக்குமுன் கோயில் நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள். நாதஸ்வரக்காரர் யார் என்பதை அப்புறம் கேட்கலாம்.

கல்யாணம் தமிழ்நாட்டில் நடந்திருந்தால் வேலை இரட்டிப்பு. அங்கே 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரையும், பிறகு மலேசியத் தூதரகத்தின் சாப்பும் வேண்டும். சென்னையிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது. மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் கட்டிய கல்யாணத்தை 6 மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்கே வந்து 6 மாதத்துக்குள். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனவர்கள் பலர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனதில்லை. அவர்கள்தான் பிறகு இமிகிரேசனைத் திட்டிக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் வேடிக்கை இல்லை. பெற்றோர் கல்யாணம் பதிவாகவில்லை என்றால், பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைச் சட்டம் தாயை வைத்துத்தான் பார்க்கும். அப்பா குடிமகனுக்குரிய நீல ஐசி வைத்திருந்தாலும் அம்மா வெளிநாட்டவர் என்றால், கோலசிலாங்கூர் மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தையும் இந்நாட்டுக் குழந்தை ஆகாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில்தான் பல பெற்றோருக்கு இது தெரியவருகிறது. பிறகு அந்தப் பிள்ளை ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தே பெரியவனாகிறான். நானூறு சாப்பாட்டில் இருபதைக் குறைத்தால் எல்லாப் பத்திரச் செலவும் அதில் அடங்கிவிடும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஈஜோக்
கேள்வி: விசா சீக்கிரம் கிடைக்க எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்ளலாம்?

பதில்: ஐதராபாத் பக்கம் சில்க்கூரில் ஒரு பாலாஜி இருக்கிறார். 'விசா பாலாஜி' என்றே பெயர். வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, கிடைத்த பிறகு 108 சுற்று. நம் பக்கம் என்றால் செகிஞ்சான் ரெடாங் கடற்கரையில் வேண்டுதல் மரம் உண்டு. சீனர்களோடு நீங்களும் ஒரு சிவப்புத் துணியை வீசிவிட்டு வாருங்கள். எந்தச் சாமியானாலும் பிறப்புச் சான்றிதழின் அசலைத்தான் கேட்கும்.

பெஸ்தாரி ஜெயா
கேள்வி: அண்ணே, நான் இங்கே பிறந்து வளர்ந்தவள். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஊருக்குப் போய் அவரைக் கட்டிக்கொண்டு அழைத்துவர நினைக்கிறேன். 'ஆம்பளை பொண்டாட்டியைக் கூப்பிடலாம், பொம்பளை புருஷனைக் கூப்பிட முடியாது' என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை தங்கச்சி. அந்தப் பாதியே போதுமான அளவுக்குக் கசக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அவர் பெர்மிட்டில் இருந்தபோதே நீங்கள் கட்டிக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று. தற்காலிக வேலை பெர்மிட்டில் வருபவர் அந்தக் காலத்தில் இங்கே யாரையும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீறி இரகசியமாகத் தாலி கட்டி, பிடிபட்டு, ஊருக்கு அனுப்பப்பட்ட பிறகு மனைவி தனியாக நின்ற கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் கிடைக்கும். உங்கள் ஆள் தேதி முடிந்து ஒழுங்காகப் போனாரா, இல்லை கூடுதலாகத் தங்கிப் பிடிபட்டுப் போனாரா? இரண்டாவதென்றால் அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு முன்பே பாருங்கள்.

இனிக் கசப்பு. நீண்டகால வருகை அனுமதி வெளிநாட்டுக் கணவருக்கும் உண்டு. அதுவரை சமம். குடியுரிமை என்று வரும்போது அரசியலமைப்பு இரண்டு கதவு வைத்திருக்கிறது. குடிமகனின் மனைவிக்கு 15ஆம் விதி: இரண்டு ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். குடிமகளின் கணவருக்கு அந்த விதி இல்லை. அவர் யாரோ ஒரு வெளிநாட்டவர் போல 19ஆம் விதியின் வரிசையில் நிற்க வேண்டும்: பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு இங்கே வாழ்ந்து, மலாய் தெரிந்து, அதற்குப் பிறகும் அரசு மனம் வைத்தால்தான். மனைவிக்குரிய இரண்டாண்டும் தாளில் இருக்கும் இரண்டாண்டுதான் என்பது வேறு விஷயம். நடைமுறையில் பாஸ், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி, நீல ஐசி என்று படிப்படியாக ஏறுவதற்குள் பிள்ளை எஸ்பிஎம் எழுதிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு? பெண் கணவன் வீட்டுக்குப் போகிறவள், ஆண் எங்கும் போகாதவன் என்று 1957இல் சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். அவர்கள் மட்டுமா நினைத்தார்கள்! உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு மாற்றம் மட்டும் நடந்திருக்கிறது. வெளிநாட்டில் பிரசவித்த மலேசியத் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. கடைசியில் 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை அரசியலமைப்பைத் திருத்தியது. 206 பேர் ஆதரித்தார்கள். 'தந்தை' என்றிருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்று வந்தது. அது பிள்ளைகளுக்கு. கணவர்மாருக்கு இன்னும் விடியவில்லை.

ஆகவே தங்கச்சி, கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்குப் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். அவர் பல வருஷம் பாஸில்தான் இருப்பார் என்பதைத் தெரிந்துகொண்டு கட்டினால் சண்டை குறையும்.

ஜெரம்
கேள்வி: இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆறு மாதம் பிரிந்திருந்தால் அழுகிறார்கள். எங்கப்பா ரஜுலா கப்பலில் வந்தவர். அம்மா வர எத்தனையோ வருஷமாயிற்று. அவர்கள் அழவா செய்தார்கள்?

பதில்: அழுதிருப்பார்கள் ஐயா. உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வடசிலாங்கூர்த் தோட்டங்களின் கதையே பிரிவின் கதைதான். ஆரம்பத்தில் கங்காணி ஆள் சேர்த்தபோது ஆண்களே அதிகம் வந்தார்கள். பெண்டாட்டி ஊரில், பணம் தபாலில். 1938இல் இந்திய அரசாங்கம் உதவித்தொகை கொடுத்துத் தோட்டத் தொழிலாளிகளை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அடுத்த வருஷம் கூப்பிடலாம் என்றிருந்தவர்கள் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். அதோடு கப்பல் நின்றது, தபால் நின்றது, மணியார்டர் நின்றது. மூன்றரை ஆண்டு. ஊரில் இருந்தவளுக்குப் புருஷன் இருக்கிறானா, ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்தானா என்றே தெரியாது. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று ஒரு பெண் மூன்றரை வருஷம் தவித்திருந்தால், அதை எந்த விசாக் காத்திருப்போடு ஒப்பிடுவது?

யுத்தம் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதுவரை டிக்கெட் வாங்கி ஏறினால் போதும் என்றிருந்த கப்பல் பயணத்துக்குக் காகிதம் கேட்டார்கள். பிறகு 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சிவப்பு ஐசிக்காரர் பால் மரம் வெட்டவும் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. 1969க்குப் பிறகு ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டின. ஒரே லயத்தில் அண்ணன் நீலம், தம்பி சிவப்பு. புருஷன் நீலம், பெண்டாட்டி சிவப்பு. அவர்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனதும் இதே ரஜுலாதான். 1926இல் கட்டிய அந்தக் கப்பலை 1973இல் நிறுத்தினார்கள். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது; 1985இல் அதில் தீப்பிடித்ததோடு நம் கப்பல் காலமே முடிந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளும் ஒன்றும் சொகுசுக்காரர்கள் இல்லை. 2020 செப்டம்பர் 7 முதல், கோவிட் காரணமாக, இந்தியா உட்பட மூன்று நாட்டவர் நீண்டகால பாஸ் வைத்திருந்தாலும் உள்ளே வர முடியாது என்று கதவை அடைத்தார்கள். பட்டியல் பிறகு நீண்டது. அம்மா சாவுக்கு ஊருக்குப் போன மருமகள் கைக்குழந்தையை இங்கே விட்டுவிட்டு அங்கே மாதக்கணக்கில் நின்ற வீடுகள் உண்டு. திரையில் குழந்தை முதல் அடி வைப்பதைப் பார்க்கும் தாய்க்கு, 'உன் மாமியார் காலத்தில் போனே கிடையாது' என்று சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வருமா? நான் உங்கள் பக்கம் சாயமாட்டேன் ஐயா. காத்திருந்தவர்களுக்கு மரியாதை, அதற்காகக் காத்திருப்பை மெடலாக்கிப் பேரப்பிள்ளை கழுத்தில் மாட்ட வேண்டாம்.

சுங்கை பெசார்
கேள்வி: தினமும் வீடியோ கால். தினமும் சண்டை. நான் பேசக் கூப்பிடும்போது அவள் சமையல்கட்டில் நிற்கிறாள். அவள் கூப்பிடும்போது எனக்குக் கண் சொருகுகிறது. அன்பு குறைந்துவிட்டதோ?

பதில்: அன்பு அப்படியேதான் இருக்கிறது, இடையில் நிற்பது இரண்டரை மணி நேரம். உங்களுக்கு இரவு ஒன்பது என்றால் அவருக்கு மாலை ஆறரை. விளக்கேற்றி, இட்லித் தட்டு எடுக்கும் நேரம். அவர் வேலை முடித்துப் பத்தரைக்கு உட்கார்ந்தால் உங்களுக்கு நடுநிசி தாண்டி ஒரு மணி. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அதற்கு முன் வித்தியாசம் இரண்டே மணிதான். அந்த அரை மணிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் இன்று சண்டை போடுகிறீர்கள்.

என் யோசனை: தினமும் பேசுவதை நிறுத்துங்கள். முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கடமைக்குப் பேசினால் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' தாண்டாது. வாரத்தில் இரண்டு நாள், இருவருக்கும் ஓய்வான நேரமாகப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். மற்ற நாளில் குரல் பதிவு போதும். கேட்டவர் தனக்கு வசதியானபோது பதில் சொல்லட்டும். விசா விஷயத்தை அந்த இரண்டில் ஒரு நாளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இன்னொரு நாள் அந்தச் சொல்லே வரக்கூடாது. புருஷன் பெண்டாட்டி பேச்சு இமிகிரேசன் அறிக்கையாக மாறும்போதுதான் கல்யாணம் வறள்கிறது.

புக்கிட் ரோத்தான்
கேள்வி: ஏஜென்ட் ஒருவர் 'உள்ளே ஆள் இருக்கிறது, ஐயாயிரம் வெள்ளி கொடுத்தால் ஒரே வாரத்தில் சாப்பு' என்கிறார். மனைவியின் பாஸ்போர்ட்டையும் கேட்கிறார்.

பதில்: உள்ளே ஆள் இருப்பது உண்மையென்றால் அது ஊழல். கொடுத்தவருக்கும் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் இடம் உண்டு. பொய்யென்றால் அது மோசடி. இரண்டு வழியிலும் உங்கள் ஐயாயிரம் போகும். ஒருவர் பாஸ்போர்ட்டை இன்னொருவர் காரணமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கேளுங்கள்; ஒரு தே தாரிக்கோடு முடிந்துவிடும்.

கோலசிலாங்கூர் அருகே ஒரு தோட்டம்
கேள்வி: 30 நாள் முடியப் போகிறது. பேசாமல் மனைவியை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன? செம்பனைக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். அவருக்கும் உங்களுக்கும் வேலித் தகராறு வரும் நாளில் ஒரு போன் போடுவார். கூடுதலாகத் தங்குவது 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி குற்றம்: அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, பிறகு நாடு கடத்தல், கறுப்புப் பட்டியல். ஒரு மாதப் பிரிவுக்குப் பயந்து பல வருஷப் பிரிவை வாங்காதீர்கள். விண்ணப்பம் கொடுத்திருந்தால் அந்த ஒப்புகையோடு தேதி முடியும் முன்பே முகப்புக்குப் போய், தங்க அனுமதி நீட்டிப்புக் கேளுங்கள். தேதிக்கு முந்தின நாள் போகிறவர் விண்ணப்பதாரர். மறுநாள் போகிறவர் குற்றவாளி. அடிக்கடி போய்ப் போய் 30 நாள் சலுகையில் திரும்பி வந்தாலும் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அது சுற்றிப்பார்க்க வருபவருக்கான சலுகை.

சபாக் பெர்ணம்
கேள்வி: மலேசியாதான் இப்படி இழுத்தடிக்கிறதா? வெள்ளைக்காரன் நாட்டில் மனைவியை உடனே கூப்பிட்டுக்கொள்ளலாமாமே?

பதில்: யார் சொன்னது? பிரிட்டனில் மனைவியையோ கணவரையோ அழைத்துவர ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 2024 ஏப்ரல் வரை அது 18,600. சம்பளம் குறைந்தவருக்குக் காதல் கூடாது என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. ஜெர்மனி 2007 முதல் விசாவுக்கு முன்பே அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வு கேட்கிறது. தாலி கட்டிய கையோடு வேற்றுமொழி வினைச்சொல் மனப்பாடம் செய்ய உட்கார்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர்.

பக்கத்து வீட்டுச் சிங்கப்பூரிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. 2015 முதல், வெளிநாட்டவரைக் கட்டப் போகிறவர் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, நீண்டகால அனுமதி கிடைக்குமா என்ற மதிப்பீட்டுக் கடிதத்தை வாங்கிக்கொள்ளலாம். இல்லை என்றாலும் முன்கூட்டியே இல்லை என்று தெரிந்துவிடும். நம் அரசாங்கம் வேறு எதைக் காப்பியடிக்காவிட்டாலும் இதையாவது காப்பியடிக்கலாம். பதில் தாமதமாக வருவதைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். எப்போது வரும் என்றே தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. சங்ககாலத் தலைவன்கூடக் கார்காலத்தில் வருவேன் என்று தவணை சொல்லிவிட்டுத்தான் போனான்.

பாரிட் மாஹாங்
கேள்வி: விசா வராததற்கு மருமகள் ராசிதான் காரணம் என்கிறாள் என் தங்கை. ஜாதகத்தை மறுபடி பார்க்கலாமா?

பதில்: பாருங்கள் அம்மா. உங்கள் மகன் ஜாதகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பொன்சர் கடிதத்தில் கையெழுத்துப் போட மறந்த தோஷம் அதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஜோசியர் சொல்வார்.

மீண்டும் புக்கிட் ரோத்தான், ஆனால் வேறு ஆள்
கேள்வி: முதல் விண்ணப்பம் நிராகரிப்பு. இரண்டாவது இன்னும் 'பரிசீலனையில்'. அவள் திண்டுக்கல்லில் டீச்சராக இருந்தவள். விசா வந்துவிடும் என்று நம்பி வேலையை விட்டாள். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறாள். ஊர் பேசுகிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதற்குக் குறும்பாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

ராமாயணத்தில் ராமனோடு சீதை காட்டுக்குப் போனதைப் பாடாத ஊர் இல்லை. பதினான்கு ஆண்டு அரண்மனையில் தனியாக இருந்த இலட்சுமணன் மனைவி ஊர்மிளையை யாரும் கேட்பதில்லை. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் காத்திருக்கும் வேலையைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஆண் தன் வேலையைப் பார்க்கிறான். நீங்கள் இங்கே சம்பாதிக்கிறீர்கள், நண்பர்களோடு பந்து விளையாடுகிறீர்கள். அவர் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, பாதி விருந்தாளியாகத் தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் இருவரும் காத்திருக்கிறீர்கள் என்பது கணக்கில் சரி. நஷ்டம் அவருக்கு மட்டும்.

முதல் காரியம்: அவரை மறுபடி வேலைக்குப் போகச் சொல்லுங்கள், நாளைக்கே. டீச்சர் வேலையை விசா வந்த பிறகும் விடலாம். மாலையில் மலாய் படிக்கட்டும். இங்கே முகப்பில் நிற்கும்போது உங்கள் வாயை நம்பாமல் தானே பேச முடிந்தால் அவருக்கு அது பெரிய பலம்.

இரண்டாவது: நிராகரித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு சட்டம் தெரிந்த ஒருவரிடம் போங்கள். உங்கள் தொகுதி ஒய்பியின் சேவை மையத்துக்கும் போகலாம், அதற்குத்தான் அது இருக்கிறது. காரணம் தெரியாமல் அதே பத்திரங்களை மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும்.

மூன்றாவது, உங்களுக்குப் பிடிக்காத கேள்வி: நீங்கள் ஏன் திண்டுக்கல் போகக் கூடாது? கடிதம் முழுக்க 'அவள் எப்போது வருவாள்' என்றே இருக்கிறது. நீங்கள் போவது உங்களுக்குத் தோன்றவே இல்லை. இந்தியரின் வெளிநாட்டுத் துணைக்கு அங்கே நுழைவு விசா உண்டு. பதிவான கல்யாணம் இரண்டு ஆண்டு நிலைத்திருந்தால் ஓசிஐ (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு, கல்யாணம் நீடிக்கும்வரை விசா கவலை இல்லை. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் குடும்பம் நடத்தலாம், வேலை பார்க்கலாம். உங்கள் பாட்டனாரின் இந்தியப் பத்திரம் பெட்டியில் கிடந்தால் வம்சாவளி வழியிலும் கேட்டுப் பார்க்கலாம். நிரந்தரமாகப் போகச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் போய் வாழ்ந்து பாருங்கள். 'மாப்பிள்ளை மாமியார் வீட்டில்' என்று ஊர் சிரிக்கும்தான். இப்போது அவர் ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறதே, அதைவிடவா?

அதுவும் முடியாது, இதுவும் நடக்காது என்றால் இருவரும் சேர்ந்து ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதிவரை முழுமூச்சாக முயற்சி. அதற்குப் பிறகு பிரிந்துபோக அவர் விரும்பினால், அவரைக் குற்றவாளியாக்காமல் விடுங்கள்.

அசாம் ஜாவா
கேள்வி: ஒருவழியாக மனைவிக்குப் பாஸ் கிடைத்துவிட்டது! வேலைக்கு அனுப்பலாமா?

பதில்: வாழ்த்துகள்! 'அனுப்பலாமா' என்று என்னைக் கேட்காமல், 'போகிறாயா' என்று அவரைக் கேளுங்கள். போவதாக இருந்தால் முதலில் பாஸைப் பாருங்கள். வேலை செய்யத் தடை என்று அச்சாகியிருந்தால் இமிகிரேசனில் வேலைக்கான அனுமதி வாங்கிய பிறகே போகலாம்.

இன்னொரு சொல், எல்லாக் கணவர்மாருக்கும். பாஸைப் புதுப்பிக்க நீங்கள் கூடவே போக வேண்டும். ஆகவே மனைவி இந்நாட்டில் இருப்பது உங்கள் கையெழுத்தில் தொங்குகிறது. சண்டை வந்ததும் 'பாஸ் போடமாட்டேன், ஊருக்குப் போ' என்று மிரட்டும் ஆண்களை எனக்குத் தெரியும். இத்தனை மாதம் சாமிக்கு நேர்ந்து வரவழைத்தது இதற்குத்தானா? அப்படி மிரட்டப்படும் பெண் யாராவது இதைப் படித்தால்: தாலியான் காசே உதவி எண், 15999. எந்த நேரமும் அழைக்கலாம்.

காம்போங் குவாந்தான்
கேள்வி: மனைவி முதல் முறையாக வருகிறாள். எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: மின்மினி உங்கள் வாசலிலேயே இருக்கிறது, என்னைக் கேட்கிறீர்களே! சாயங்காலம் புக்கிட் மலாவாத்தியில் குரங்குக்குக் கடலை வேண்டாம், கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்ளும். இருட்டிய பிறகு படகு. பெரெம்பாங் மரத்தில் ஆண் பூச்சிகள் ஒன்றாக மின்னிப் பெண் பூச்சிகளை அழைக்கும். கேமரா விளக்கைப் போடாதீர்கள். மறுநாள் காலையில் ஷா ஆலாம். முகப்பில் எண் எடுக்க விடியுமுன் கிளம்புங்கள்.

செகிஞ்சான், இன்னொரு கடிதம்
கேள்வி: தை மாதம் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? மண்டபமா, போட்டோகிராபரா?

பதில்: இரண்டும் இல்லை. இந்த வாரமே பதிவிலாகாவுக்குப் போய், நீங்கள் திருமணமாகாதவர் என்ற சான்றுக் கடிதத்தை வாங்குங்கள். அது இல்லாமல் அங்கே பதிவு நடக்காது. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள், பெண்ணுக்கும்தான். தமிழ்நாட்டில் அப்பா பெயர் முதலெழுத்தாக நிற்கும், இங்கே 'அனாக் லெலாக்கி' (இன்னாரின் மகன்) என்று நீளும். தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும். தாலி கட்டிய வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகம், அப்புறம் சென்னை. போட்டோகிராபரிடம் பாஸ்போர்ட் அளவில் இருவருக்கும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். விருந்துக்கு எனக்கு அழைப்பு வேண்டாம், பதிவு முடிந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.